ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ரம்பம்

சூளகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகத் தூங்குவது என்பது இப்போதெல்லாம் நடவாத காரியம். பொழுது விடிந்ததும் விடியாததுமாக, மலையடிவாரத்திலோ காமன்தொட்டிப் பக்கத்திலோ எந்தத் தோட்டத்திலாவது யந்திர ரம்பம் ஒன்று அலறத் தொடங்கிவிடும். மாமரத்தைக் கவாத்துச் செய்கிறார்கள். பட்டுப்போன தென்னையைச் சாய்க்கிறார்கள். இல்லாவிட்டால் புதிதாக வாங்கிய ரம்பத்தைச் சும்மா ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் பாட்டனார் காலத்தில் ஒரு புளியமரத்தை அறுப்பதென்றால் இரண்டு ஆட்கள் எதிரெதிராக நின்று ஒரு நீண்ட வாளை நாள் முழுவதும் இழுக்க வேண்டும். இன்று அது அரை மணி நேர வேலை. சப்தத்தைப் பற்றிக் குறை சொல்லலாமே தவிர, சௌகரியத்தைப் பற்றிக் குறை சொல்ல நியாயமில்லை.

இந்த விஷயத்தைப் பற்றி இப்பகுதியின் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் மாந்தோப்பும், இருபது தென்னையும், வரப்போரத்தில் மூன்று புளியமரங்களும் இருக்கின்றனவாம். கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டிருக்கிறார்: 58 சி.சி. எஞ்சின், 22 அங்குல நீளம், விலை 6,500 ரூபாய், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கப்படும். கிருஷ்ணகிரியில் உள்ள கடையில் பெயர்பெற்ற கம்பெனியின் ரம்பத்துக்கு அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கேட்கிறார்களாம். "பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. போலியை வாங்கினால் மோசம் போவேனா?" என்று கேட்கிறார்.

"மோசம் போவீர்கள்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். அது சுலபம். ஆனால் முழு உண்மையாகாது.

முதலில் "போலி" என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு யந்திரத்தின் அமைப்புக்கு நம் நாட்டுப் பேடண்டுச் சட்டம் 20 வருஷந்தான் காவல் கொடுக்கிறது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அந்த அமைப்பைப் பார்த்துச் செய்து, தம் சொந்தப் பெயரைப் போட்டு விற்கலாம். சந்தையில் மலிவாக வரும் ரம்பங்களில் பெரும்பாலானவை இந்த ஜாதி. மற்றொரு ஜாதி வேறு: பிரபல கம்பெனியின் பெயரையும் வர்ணத்தையும் திருடி ஒட்டிக்கொண்டு வருவது. வர்த்தக முத்திரைச் சட்டம் (1999) இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரையில் சிறைவாசம் விதித்திருக்கிறது. முதல் ஜாதி ஏழை. இரண்டாம் ஜாதி திருடன். திருடனிடம் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆராய்ச்சி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே கீழே எழுதுவதெல்லாம் ஏழையைப் பற்றித்தான்.

சீனச் சரக்கு என்பதாலேயே அது மட்டம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. 1926ஆம் வருஷம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஆரம்பித்த ஸ்டீல் கம்பெனிக்கே இன்று சீனாவில் சிங்தாவோ நகரில் தொழிற்சாலை இருக்கிறது. எந்தத் தேசத்தில் செய்தார்கள் என்பதல்ல, எதை மிச்சம் பிடித்துச் செய்தார்கள் என்பதே கேள்வி.

பார்த்துச் செய்வது கேவலம் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்த ரம்பத்தின் சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆதியில் இதன் சங்கிலியில் சாதாரண ரம்பத்தைப் போலக் கூரிய பற்கள் இருந்தன. அவை மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி விரைவில் மழுங்கிவிடும். ராவித் தீட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஓர் அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கூர்ந்து கவனித்தார். ஆள்காட்டி விரல் அளவுள்ள அந்தப் புழு, தாடைகளை வலமும் இடமுமாக அசைத்து, நாருக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே மாதிரி சுலபமாகத் தின்றுகொண்டு போயிற்று. அந்தத் தாடையைப் போலவே வளைந்த பற்களை வலம் ஒன்று, இடம் ஒன்றாகச் சங்கிலியில் கோத்தார் காக்ஸ். இன்று உலகத்தில் ஓடும் ரம்பச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. ஒரு புழுவைப் பார்த்து மனிதன் காப்பியடித்தது. பேடண்டு கேட்கப் புழுவுக்குத் தெரியவில்லை!

நிற்க. மலிவு ரம்பத்தில் எந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கிறார்கள்?

என் உறவினர் பையன் ஒருவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தள்ளிவிடுகிற உத்தியோகம். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிய மலிவு ரம்பம் ஒன்று நாலு மாதத்தில் உயிரை விட்டபோது, அதை அவனிடம் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னேன். திண்ணையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

சிலிண்டரின் உட்புறத்தில் பெட்ரோல் ஆவி வந்துபோகும் வாசல்கள் உண்டு. நல்ல கம்பெனியில் அந்த வாசல்களின் விளிம்பைச் சற்றே மழுக்கி வழவழப்பாக்கி விடுவார்கள். இதில் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனின் வளையம் அந்த விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஒரு நாள் மாட்டிக்கொண்டு முறிந்திருக்கிறது. காற்றை வடிகட்டும் பில்டர் தன் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. மரத்தூள் உள்ளே போய்ச் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோலத் தேய்த்திருந்தது. பெட்ரோல் குழாய் விறைத்து வெடித்திருந்தது. இதற்கு நம் பெட்ரோலும் ஒரு காரணம். 2025 முதல் பங்குகளில் பெரும்பாலும் 20 சதவிகிதம் எதனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எதனால், மட்டமான ரப்பரைக் கெடுக்கும். காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ரம்பத்தில் பெட்ரோலை விட்டு இரண்டு மாதம் மூலையில் வைத்தால், மறுபடி எடுக்கும்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோகும். இது நல்ல ரம்பத்துக்கும் உள்ள கஷ்டந்தான். மலிவு ரம்பத்துக்குச் சீக்கிரம் வருகிறது, அவ்வளவே.

"இதெல்லாம் பெரிதில்லை மாமா. வளையம் வாங்கலாம், குழாய் வாங்கலாம், எல்லாம் சொற்ப விலைதான். இதைப் பாருங்கள்" என்று சொல்லி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒரு மெல்லிய இரும்புப் பட்டையைக் காட்டினான்.

அதுதான் பிரேக்.

அதன் கதையைச் சொல்வதற்கு முன் ரம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினுக்கு முன்னால் நாக்குப்போல ஓர் இரும்புத் தகடு நீண்டிருக்கும். மெக்கானிக்குகள் அதைப் "பார்" என்கிறார்கள். அதைச் சுற்றிப் பற்சங்கிலி ஓடுகிறது. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர். அதாவது ஓசூர் சாலையில் ஓடும் பஸ்ஸின் வேகம். அந்த நாக்கின் நுனியில், மேல் பாதியானது, தெரியாமல் ஒரு கிளையிலோ முடிச்சிலோ பட்டுவிட்டால், ரம்பம் முழுவதும் மேல்நோக்கித் துள்ளி, பிடித்திருக்கிறவன் முகத்தை நோக்கித் திரும்பும். கண் இமைக்கும் நேரங்கூட ஆகாது. கெட்டிக்காரன், பழகியவன் என்ற தாரதம்மியமெல்லாம் அங்கே கிடையாது. இதற்காகத்தான் 1970களின் ஆரம்பத்தில் சங்கிலிப் பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு எதிரில் ஒரு கைக்காப்பு நிற்கும். ரம்பம் எகிறும்போது மணிக்கட்டு அதில் இடித்தோ, அல்லது எகிறின வேகத்திலேயோ, காப்பு முன்னால் சாயும்; உள்ளே உள்ள இரும்புப் பட்டை சங்கிலியை ஓட்டும் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும்; சங்கிலி அக்கணமே நின்றுவிடும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவருக்கும் தீங்கு நினையாத மனிதர். ரம்பம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மிச்சமான பணத்தில் பம்பு செட்டுக்குப் புது ஒயர் இழுத்துவிட்டேன், பாருங்கள்" என்று பெருமைப்பட்டார். மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அவர் ரம்பத்தைத் தொடவில்லை. தோட்ட வேலைக்கு வரும் ஆள்தான் ஓட்டினார். மரவேலையில் கைதேர்ந்தவர், கோடரி பிடித்தால் சொன்ன இடத்தில் மரத்தைச் சாய்ப்பார்.

மோட்டார் அறைக்கு மேலாகச் சாய்ந்திருந்த புளியங்கிளை ஒன்றை அறுக்கையில், தழைக்குள் மறைந்திருந்த வேறொரு கொம்பில் ரம்பத்தின் நுனி பட்டுவிட்டது. ரம்பம் எகிறிற்று. அவருடைய மணிக்கட்டு காப்பில் இடித்தது. காப்பும் சாய வேண்டிய பிரகாரம் முன்னால் சாய்ந்தது. சங்கிலி மாத்திரம் நிற்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டபடியால் முகம் தப்பிற்று. இடது முன்கை தப்பவில்லை.

என் உறவினர் பையன் காட்டிய பட்டையில் வில் தளர்ந்திருந்தது. பட்டை டிரம்மைச் சுற்றி ஒரு பக்கத்தில்தான் தொட்டதற்கு அடையாளம் இருந்தது. பிரேக் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விளம்பரத்தில் போட்டிருந்தபடியே பிரேக் இருந்தது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டத்துக்காரர் முகங்கோணாமல் கொடுத்தார். வழக்குப் போடலாமா என்றுகூட விசாரித்தார். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதுள்ள சாமானால் தீங்கு நேர்ந்தால் செய்தவனையும் விற்றவனையும் பொறுப்பாக்க இடம் இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், இறக்குமதி செய்தவர் பெயரோ விலாசமோ காணப்படவில்லை. யார்மேல் வழக்குப் போடுவது? அந்த ஆளின் இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மரவேலைக்கு அவரை இப்போது ஒருவரும் அழைப்பதில்லை. அவருடைய மனைவி கொத்தமல்லித் தோட்டங்களுக்குத் தழை பிடுங்கப் போகிறார்.

நேயரின் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றிய விஷயம் இதுதான். விலையைப் பார்த்து வாங்குகிறவர் ஒருவர். கையில் பிடிக்கிறவர் வேறொருவர். தாமே பிடித்து ஓட்டப்போகிறவர் நாலு பேரை விசாரிப்பார்; பிரேக்கைத் தட்டிப் பார்ப்பார். கூலி ஆளிடம் கொடுக்கப்போகிறவருக்கு அந்த யோசனை வருவதில்லை. அவர் கெட்டவர் என்பதல்ல. விளம்பரத்தில் கூலி ஆளின் கையைப் பற்றி ஒன்றும் போட்டிருப்பதில்லை.

மலிவு ரம்பத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆந் தேதி கஜா புயல் அடித்துத் தஞ்சை, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாயின. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சர்க்கார் அறிவித்தார்கள். அத்தனை மரத்தையும் கோடரியால் வெட்டித் தீர்ப்பது எப்போது? அப்படிப்பட்ட சமயத்தில் எந்த ரம்பம் கிடைத்தாலும் அது தெய்வம் கொடுத்ததுதான். ஆனாலும் தென்னைக்கு ஒரு குணம் உண்டு. வெளிப்புறம் இரும்புபோல் கடினமான நார். சங்கிலியை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். மலிவு ரம்பத்தோடு வரும் சங்கிலி மட்டமான உருக்கு. இரண்டு தென்னைக்குமேல் தாங்காது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அழுத்தி அறுக்கிறவனுக்குத்தான் விபத்து அதிகம் நேர்கிறது.

எங்கள் ஊரில் ரம்பமே தொழிலாக உள்ளவர் ஒருவரிடம் இரண்டும் இருக்கின்றன. "உங்களிடமே மலிவு ரம்பம் இருக்கிறதே!" என்று மடக்கிப் பார்த்தேன்.

"இருக்கிறது சார். மரத்தைச் சாய்க்கவும், மேலே ஏறிக் கிளை கழிக்கவும் நல்லதைத்தான் எடுப்பேன். கீழே விழுந்ததை விறகுக்குத் துண்டு போட இது போதும். இதற்கும் வாங்கின அன்றே சங்கிலியையும் பாரையும் கழற்றி வீசிவிட்டு நல்லதாகப் போட்டேன். பிரேக் பட்டையும் மாற்றினேன்."

"அப்படியானால் விலை எவ்வளவு ஆயிற்று?"

"நல்லதில் பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது சார்" என்று சிரித்தார்.

அவருக்கு ரம்பத்தைப் பிரித்துக் கோக்கத் தெரியும். ஆகவே அவருக்கு அது லாபம். தெரியாதவர்களுக்கு அந்த மிச்சப் பாதியும் மெக்கானிக்கிடம் போய்விடும்.

இவ்வளவு சொல்லியும் வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் பணம் கொடுக்கும் முன் சில காரியங்களாவது செய்ய வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் விலாசமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடையில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். ரம்பத்தைத் தரையில் ஊன்றிக் கிளப்பி, முடுக்கி, இடது மணிக்கட்டால் காப்பை முன்னால் தள்ளுங்கள். சங்கிலி உடனே நிற்க வேண்டும். "கொஞ்சம் ஓடி நிற்கும், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நமஸ்காரம் செய்துவிட்டு வந்துவிடுங்கள். முடுக்கை விட்டுவிட்டு எஞ்சின் மெதுவாக ஓடுகையில் சங்கிலி நகரவே கூடாது. பின் கைப்பிடியின் மேலுள்ள நெம்பை அழுத்தாமல் முடுக்கு அசையக் கூடாது. பாரின் அடியில், சங்கிலி அறுந்தால் பிடித்து நிறுத்த ஒரு சிறு முளை இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பெட்ரோலில் கலக்க வேண்டிய ஆயில் கணக்கையும் புத்தகத்தில் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். மலிவு ரம்பங்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 40 மில்லி என்று போட்டிருக்கும். ஆயிலில் சிக்கனம் பிடித்தால் பிஸ்டன் இறுகிப்போகும்.

ஸ்திரீகள் கவனத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாட்டரியில் ஓடும் ஆறு அங்குலக் குட்டி ரம்பங்கள் இப்போது வீடுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. ரோஜாச் செடிக்கும் முருங்கைக்கும் வசதி என்று வாங்குகிறார்கள். விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் பயமே தோன்றுவதில்லை. மலிவானவை பலவற்றில் பிரேக் என்பது பெயருக்குக்கூடக் கிடையாது. ஒரு கையால் ரம்பத்தையும் மறு கையால் கிளையையும் பிடித்துக்கொண்டு அறுக்கிறோம். கிளை விட்டதும் ரம்பம் அந்த மறு கைக்குத்தான் வரும். முருங்கைக்கு அரிவாள் போதும். அரிவாளுக்குப் பாட்டரியும் வேண்டாம்.

இனி, வேப்பனப்பள்ளி அன்பரின் கணக்குக்கு வருவோம். வருஷத்தில் நாலைந்து நாள் வேலை. மாமரக் கவாத்துக்கு ரம்பக்காரரை அவருடைய ரம்பத்தோடு கூப்பிட்டுக் கூலி கொடுத்தால், நல்ல ரம்பத்தின் விலைக்குப் பல வருஷம் ஓட்டலாம். ரம்பத்தைப் பராமரிக்கும் தொல்லையும் இல்லை. இல்லை, சொந்தத்தில் ஒன்று வேண்டும் என்று ஆசை இருந்தால், நாலு பங்காளிகள் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்கலாம். 22 அங்குலம் எதற்கு? தங்கள் தோப்புக்குப் பதினாறே அதிகம். நீண்ட நாக்கு விளம்பரத்துக்குத்தான் அழகு.

கல்லூரியில் படிக்கும் தங்கள் குமாரன் விடுமுறையில் தானே ஓட்ட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். முதலில் சங்கிலியைத் தீட்டக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு உருண்டை அரம் ஒன்றும், நிறையப் பொறுமையும் வேண்டும். பிறகு தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கட்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு இல்லாமல் தொடக் கூடாது. காலுக்கென்று தனிக் கால்சட்டை உண்டு. சங்கிலி பட்டால் அதன் உள்நார்கள் உருவிக்கொண்டு வந்து சுற்றிச் சங்கிலியை நிறுத்திவிடும். ஏணிமேல் நின்றுகொண்டு மட்டும் ஒருபோதும் ரம்பத்தைக் கிளப்பக் கூடாது.

மூன்று புளிகளில் வரப்பின்மேல் சாய்ந்திருப்பதை முதலில் எடுத்துவிட எண்ணம் என்கிறீர்கள். மழைக்கு முன்னால் எடுப்பது உத்தமம். அதற்கு ரம்பக்காரரையே அழையுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன் அவருடைய ரம்பத்தின் பிரேக்கையும் ஒரு முறை தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.